பன்னிரண்டு நாற்பது

நீங்கள் தேடுகிற கம்ப்யூட்டர் என் அறையில்தான் இருக்கிறது, விஜயன் சார். யுபிஎஸ் பேட்டரிகளுக்குப் பின்னால், பழைய பிரிண்டர் அட்டைப்பெட்டி மறைத்துக்கொண்டிருக்கும். தூசி இருக்காது. வாரம் ஒருமுறை துடைக்கிறேன்.

காலையில் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. "மேடம், மணவூர் சென்டரை மூடி பதினோரு மாசம் ஆச்சுன்றீங்க. அங்க இருந்த மெஷின் மட்டும் ஏன் லிஸ்ட்ல வரல? போன வாரம்கூட வந்துட்டுப் போயிருக்குதே." பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்க ஒன்றுமில்லை. ஆடிட் முடிந்து நீங்கள் நாளை சென்னைக்குத் திரும்புவதற்குள் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதுகிறேன். இது உங்களிடமிருந்து வேறு கைகளுக்குப் போகும். அவர்களுக்கும் புரிய வேண்டும்.

ஆளுக்கு மட்டுமல்ல, கம்ப்யூட்டருக்கும் டைரக்டரியில், அதாவது சர்வர்கள் வைத்திருக்கிற பொதுப் பதிவேட்டில், ஒரு பதிவு உண்டு. தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. அந்தப் பாஸ்வேர்டை முப்பது நாளுக்கு ஒருமுறை அதுவே மாற்றிக்கொள்ளும். ஆன் செய்ததும் சர்வரிடம் வந்து 'நான்தான்' என்று சொல்லும். சர்வர் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். தொண்ணூறு நாள் ஒரு கம்ப்யூட்டர் வரவில்லையென்றால் அது உடைந்திருக்கும், அல்லது யாரோ தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். லிஸ்ட் எடுத்து, பதிவை முடக்கி, பிறகு அழித்துவிடுவோம். ஐந்து வருடமாக இந்தத் திருத்தணி மருத்துவமனையில் அந்த வேலையைச் செய்கிறவள் நான்.

நேரம் குறிப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. தேதி ஒன்றல்ல, இரண்டு. ஒன்று துல்லியமான தேதி. மணி, நிமிடம் வரை இருக்கும். ஆனால் கம்ப்யூட்டர் எந்த சர்வரிடம் வந்ததோ அந்த சர்வர் மட்டும்தான் அதை வைத்திருக்கும், வேறெங்கும் சொல்லாது. இன்னொன்று பொதுத் தேதி. எல்லா சர்வருக்கும் அது போய்ச் சேரும். ஆனால் நெட்வொர்க்கில் வீண் பேச்சு வேண்டாமென்று, ஏற்கெனவே இருக்கிற தேதி ஏறக்குறைய இரண்டு வாரம் பழசானால்தான் புதிதாக எழுதிக்கொள்ளும். தினமும் தவறாமல் வருகிற கம்ப்யூட்டருக்குக்கூடப் பொதுத் தேதி எட்டு நாள், பத்து நாள் பின்னால் நிற்கும். தொண்ணூறு நாள் கணக்குக்கு அது நல்ல தேதி. நேற்று வந்ததா என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது.

இதை நான் முதன்முதலில் விளக்கிச் சொன்ன ஆள் சூர்யபிரகாஷ். மணவூர் சென்டரில் லேப் டெக்னீஷியன். சென்டர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்டேஷனிலிருந்து இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டினால் ஒரு ஷட்டர் கடை. உள்ளே ரத்தம் எடுக்க ஒரு நாற்காலி, பரிசோதிக்கிற மெஷின், ஒரு கம்ப்யூட்டர். அங்கே நெட் அடிக்கடி போகும் என்பதால் மேசைக்கடியில் தனியாக ஒரு சின்ன சர்வர். அதை மாட்டுவதற்காகத் திருத்தணியிலிருந்து போனபோதுதான் அவனைப் பார்த்தேன். கேபிளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கேட்டான்.

"அப்ப நான் கடைக்கு வந்தா உங்களுக்குத் தெரிஞ்சிடுமா?"

"கடை இல்ல, சென்டர். தெரியும். இந்த சர்வரத் தொறந்து பாத்தா நிமிஷத்தோட தெரியும்."

"மேனேஜருக்கு?"

"அவருக்கு இப்படிப் பாக்கணும்னே தெரியாது. ஊருக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தெரியும். எனக்கு உடனே தெரியும்."

வேலையைப் பற்றித்தான் சொன்னேன். பிறகு அவன் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக் கிண்டலடித்தபோதுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது.

இரண்டு வருடம். காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு அவன் கம்ப்யூட்டர் வரும். திருத்தணியில் என் திரையில் பார்ப்பேன். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அதை ஒருமுறை அணைத்து ஆன் செய்வான். பன்னிரண்டு நாற்பதுக்கு நேரம் புதிதாக ஏறும். 'சாப்பிட்டேன், நீயும் சாப்பிடு' என்று அர்த்தம். போனில் சொல்லலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் போன் பொது. நைனா பவர்லூம் தொழிலாளி. தறி சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது, ஆனால் போன் அதிர்ந்தால் கையில் தெரிந்துவிடும். அதனால் இது எங்களுக்குப் பிடித்திருந்தது. அந்த நேரத்தைப் பார்த்த பிறகுதான் நான் டப்பாவைத் திறப்பேன்.

நான் கோபக்காரி என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. தறி ஓடுகிற வீட்டில் கத்தித்தான் பேச வேண்டும். அந்தப் பழக்கத்தை ஆபீஸில் திமிர் என்பார்கள். சூர்யா சொன்னதில்லை.

போன வருடம் தை மாதம் அவன் அம்மாவை மலைக்குக் கூட்டிவந்தான். கோயிலுக்கு வந்த மாதிரி நானும் வரவேண்டும் என்று ஏற்பாடு. மணவூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கிற குடும்பம். அந்த அம்மா படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். நைனா என்ன செய்கிறார் என்று கேட்டார். தறி என்றேன்.

"சொந்தத் தறியா?"

"இல்லீங்க. கூலிக்கு."

"கெட்டிக்காரப் பொண்ணாத்தான் கீது. நம்ம வூட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினா, ரிப்பேருக்குக் கூப்டுக்கலாம் சூர்யா."

அம்மா சிரிக்கவில்லை, சார். அவன்தான் சிரித்தான். சும்மா, என்ன செய்வதென்று தெரியாத சிரிப்பு. அதை நான் இன்றுவரை கோபமில்லாமல்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு மாதம் கழித்து ஸ்டேஷனில் நின்று சொன்னான். பொண்ணு பார்த்துவிட்டார்கள், அப்பா செத்துப்போவேன் என்கிறார், தங்கச்சி கல்யாணம் இருக்கிறது. "நீ படிச்ச பொண்ணு தேவி. உனக்கு நல்ல எடமா அமையும்." மறுநாளிலிருந்து பன்னிரண்டு நாற்பது நின்றுபோனது. காலை ஏழு ஐம்பத்திரண்டு மட்டும் வந்தது, மற்ற கம்ப்யூட்டர்கள் வருவதைப்போல. நான் தினமும் பார்த்தேன். பார்க்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. அது என் வேலை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு போடுகிற பரந்தாமன் என்பவர், ஐம்பத்தாறு வயது, சிறுநீரகக் கோளாறுக்காரர், காலை எட்டு மணிக்கு மணவூரில் ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. ரிசல்ட் திருத்தணியில் டாக்டர் திரையில் வந்தால் உடனே ஆளை வரச்சொல்வார்கள். வரவில்லை. காலையில் ரயில்வே கேட் அருகே ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டது. மூன்று மணிக்குப் பரந்தாமன் வீட்டுத் தொழுவத்தில் விழுந்து இறந்தார். கேபிள் சரியாகி, ரிசல்ட் டாக்டர் திரைக்கு வந்தபோது மணி நான்கு இருபது. ஐந்து மணிக்கு உறவுக்காரர்கள் இரண்டு டிராக்டரில் மணவூருக்கு வந்தார்கள். அங்கே உதவிக்கு இருந்த ரத்தினம்மாள் மெயினை அணைத்து ஷட்டரை இறக்கினார். அந்த ஷட்டர் அதற்குப் பிறகு ரத்தம் எடுப்பதற்காகத் திறக்கவேயில்லை.

மூன்றாம் நாள் விசாரணை. மேனேஜர் குணசேகரன், ஒரு டாக்டர், ஒரு வக்கீல். கேள்வி ஒன்றுதான். ரிசல்ட் காலையிலேயே தயாராகிக் கேபிளில் மாட்டிக்கொண்டதா, அல்லது டெக்னீஷியன் சென்டருக்கே வராமல் சாயங்காலம் வந்து ஏற்றினாரா. கேபிள் என்றால் மருத்துவமனை பதில் சொல்ல வேண்டும். டெக்னீஷியன் என்றால் டெக்னீஷியன்.

அதற்கு முந்தின நாள் குணசேகரன் சார் என்னைக் கூப்பிட்டார். "என்னம்மா தேவிப்பிரியா, ஒரே ஒரு பேப்பர். அந்தக் கம்ப்யூட்டர் கடைசியா எப்ப வந்துச்சுன்னு டைரக்டரில இருக்குமாமே. இருக்கிறத அப்படியே பிரிண்ட் எடு. நீயா எதையும் சேக்காத, எடுக்காத."

அவர்மேல் பழி போடாதீர்கள். இரண்டு தேதி உண்டென்பதே அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

பொதுத் தேதியைப் பிரிண்ட் எடுத்தேன். முந்தின வாரத் திங்கட்கிழமை என்றிருந்தது. இறந்த நாளுக்கு எட்டு நாள் முன்பு. ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

பேப்பரைப் பார்த்ததும் வக்கீலுக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. கல்யாண மாப்பிள்ளை, ஊரூராகப் பத்திரிகை வைக்கிறான், எட்டு நாளாக சென்டருக்கே வரவில்லை, ரத்தினம்மாளை வைத்து மெஷினை ஓட்டிவிட்டு வீட்டிலிருந்து போனில் ரிசல்ட் ஏற்றியிருக்கிறான். ரத்தினம்மாளைக் கூப்பிட்டார்கள்.

"தெனம் வந்தாரு சார். அன்னைக்கிம் எனக்கு முன்னாடியே வந்து பெருக்கிக்கினு இருந்தாரு. நான்தான் லேட்டு."

"நீ அவங்க ஊருதான?"

"ஆங். அதுக்கு? ஊர்க்காரன்னா வந்தவன் வராதவனா ஆயிடுவானா?"

அவரை அனுப்பிவிட்டார்கள். காலையில் ரிசப்ஷனுக்குப் போன் செய்து நோயாளியைப் பற்றிச் சொன்னதாகச் சூர்யா சொன்னான். ரிசப்ஷனில், கேபிள் போனதைப் பற்றித்தான் பேசினார் என்றார்கள். போன் வந்தது உண்மை, எங்கிருந்து வந்தது என்று யார் கண்டது என்றார் வக்கீல். அப்போது அவன் என் பக்கம் திரும்பினான். மூன்று மாதத்தில் முதல்முறை.

"அவங்களக் கேளுங்க சார். அவங்களுக்குத் தெரியும். ரிப்போர்ட் போவவே இல்ல, இன்னா பண்றதுன்னு தெரியாம பன்னெண்டு நாப்பதுக்கு ஆப் பண்ணி ஆன் பண்ணேன். அது எங்கனா ஏறியிருக்கும்."

"அப்படி ஏதாச்சும் இருக்குதாம்மா?" என்றார் குணசேகரன் சார்.

இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கேபிள் சரியானதுமே மணவூர் சர்வரைத் திறந்து பார்த்திருந்தேன். துல்லியமான தேதி: அன்றைய தேதி, பன்னிரண்டு நாற்பது. மெயின் அணைக்கப்பட்டதால் அதற்குப் பிறகு வேறு நேரம் ஏறவில்லை. அது அப்படியே நின்றது. மூன்று மாதம் கழித்து அந்த நேரம். நான் அதை எத்தனை முறை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

"டைரக்டரியில இருக்கிற தேதி இதுதான் சார்" என்றேன்.

அதில் பொய்யில்லை என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

அவன் என்னையே பார்த்தான். எங்கள் விஷயத்தை அப்போது அவன் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். வக்கீல் என் பேப்பரைக் கிழித்துப்போட்டிருப்பார். நான்கு ஆண்கள் உட்கார்ந்த அறையில் என் பேரை அவன் இழுக்கவில்லை. "சரி சார்" என்றான். அவ்வளவுதான்.

ஏன் செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவன் சாக வேண்டுமென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வேலை போகும், போலீஸ் கேஸ் என்றால் பெண் வீட்டார் பின்வாங்குவார்கள், பதினெட்டு நாளில் நடக்க இருந்தது நடக்காது. பிறகு உள்ளூரில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். அப்போது கூலித் தறிக்காரன் மகள் உயரத்துக்கு அவன் இறங்கிவந்திருப்பான். இறங்கிவந்தவனை நான் குத்திக்காட்டியிருக்க மாட்டேன். அந்த நேரத்தைக் காட்டி அவனைக் காப்பாற்றியிருந்தால், காப்பாற்றி யாரிடம் கொடுத்திருப்பேன்? பத்திரிகை அடித்த பெண்ணிடம். இதை யோசித்துப் பாருங்கள். என் இடத்தில் இருந்து யாரும் யோசித்ததில்லை.

நான் கணக்குப் போட்டபடியே நடந்தது, ஒரு வாரம். வேலை போனது. கேஸ் போட்டார்கள். பெண் வீட்டார் நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சென்டரை மூடுவதாக முடிவானதும் அங்கிருந்த சர்வரை எடுத்துவிடுவது முறை. நானே போய் எடுத்தேன். குணசேகரன் சார் கையெழுத்திட்ட பேப்பர் இருக்கிறது. டைரக்டரியிலிருந்து முறைப்படி விலக்கி, டிஸ்க்கை அழித்தேன். பன்னிரண்டு நாற்பது அதோடு போயிற்று. இனி உலகத்தில் அது என் தலைக்குள் மட்டும்தான். கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி இங்கே கொண்டுவந்தேன்.

அதற்கு இரண்டாம் நாள் மணவூர் ஸ்டேஷனில் அவன் ரயிலில் அடிபட்டான். தண்டவாளத்தைத் தாண்டும்போது கவனிக்கவில்லை என்று எழுதினார்கள். நான்கு வருடம் தினமும் இரண்டு முறை தாண்டியவன். வீட்டுப் போனில் அவன் கூப்பிட்டது ஏழு தடவை இருந்தது. நான் எடுக்கவில்லை. தானாக என் வாசலுக்கு வரட்டும் என்று இருந்தேன். இன்னும் நான்கைந்து நாள் பொறுத்திருந்தால் நானே போயிருப்பேன்.

காரியத்துக்குப் போனேன். ஆபீஸில் எல்லோரும் வேனில் போனார்கள். அவன் அம்மா என்னை அடையாளம் தெரிந்துகொண்டு கையைப் பிடித்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அவன் வேலைக்கே போவலன்றாங்களே பொண்ணே. தெனம் நான்தான் டப்பா கட்டிக் குடுத்தேன். அந்தப் பெரியவரு செத்த அன்னைக்கி மட்டும்தான் டப்பா தொறக்காம அப்படியே வந்துச்சு. இன்னாடா சாப்புடலயான்னு கேட்டேன். ஒருத்தரு உசுரு மாட்டிக்கினு இருந்துச்சும்மா, எப்படிச் சாப்புடறதுன்னான். வேலைக்குப் போவாதவன் அப்படியா சொல்லுவான்?"

நான் கையை எடுத்துக்கொண்டேன். துக்கத்தில் இருப்பவர்களுக்கு நாள் குழம்பும். வேறு ஏதோ ஒரு நாளாக இருந்திருக்கும். விசாரணையில் ரிப்போர்ட்டுக்காக அணைத்து ஆன் செய்ததாக அவன் சொன்னதும் அப்படித்தான். வெளி ஆட்கள் இருந்தார்கள், வேறென்ன சொல்வான். ரிப்போர்ட் காலையிலிருந்தே மாட்டிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு அணைத்து ஆன் செய்திருக்கலாம், பதினொன்றுக்குச் செய்திருக்கலாம். பன்னிரண்டு நாற்பதுக்கு ஏன் செய்தான்? அந்த நேரம் ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஆகவே, விஜயன் சார், உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். சூர்யபிரகாஷ் அன்று வேலைக்கு வந்தான் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை நான் பார்த்தேன், மறைத்தேன், என் கையாலேயே அழித்தேன். அதைக் காட்டியிருந்தால் அவன் உயிரோடு இருந்திருப்பான். செய்தது நான் மட்டும்தான். பரந்தாமன் குடும்பத்துக்கும் இது தெரிய வேண்டும். அவர்கள் பதினோரு மாதமாகத் தவறான ஆளைச் சபித்துக்கொண்டிருக்கிறார்கள். இதில் கையெழுத்திட்டு, தேதி போட்டிருக்கிறேன். போலீஸுக்கு அனுப்புங்கள். நான் எங்கேயும் போகமாட்டேன்.

மணவூர் கம்ப்யூட்டர் ஏன் உங்கள் லிஸ்டில் வரவில்லை என்பதும் இப்போது புரிந்திருக்கும். தினமும் மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதை அணைத்து ஆன் செய்கிறேன். உடனே சர்வரிடம் வந்து 'நான்தான்' என்கிறது. முப்பது நாளுக்கொருமுறை பாஸ்வேர்டை மாற்றிக்கொள்கிறது. அதன் பதிவில் ஒரு குறையும் கிடையாது. அதற்குப் பிறகுதான் என் டப்பாவைத் திறக்கிறேன்.

முடக்க வேண்டியது உங்கள் வேலை, செய்யுங்கள். ஆனால் அதற்கு முன் ஒருமுறை ஆன் செய்துவிடுங்கள். இன்று பன்னிரண்டரை மணியிலிருந்து நீங்கள் என் எதிரிலேயே உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தீர்கள். என்னால் எழுந்து போக முடியவில்லை. அவன் இன்னும் சாப்பிடவில்லை.